தானத்துக்கும் கணக்கு வேண்டும்

எங்கள் வீட்டு மின்சார பில்லை மகன்தான் செல்போனிலேயே கட்டிவிடுவான். 2024 செப்டம்பரில் அவன் அலுவலக வேலையாகப் புனே போயிருந்த சமயம், பில் என் கையில் வந்து சேர்ந்தது. பார்த்தவுடன் நான் போட்ட சத்தத்தில் மாடி வீட்டு சர்தார்ஜியே இறங்கி வந்து, "க்யா ஹுவா, அங்கிள்ஜி?" என்று விசாரித்தார். ஏசி இரண்டு இருக்கிறது, தில்லி வெயில் இருக்கிறது, எல்லாம் சரிதான். ஆனால் மூன்று பேர் வாழும் வீட்டில் இத்தனை யூனிட் எப்படிப் போகும்?

போன இடம் பின் அறையில் இருந்தது. மகனுடைய கம்ப்யூட்டர். கம்ப்யூட்டர் என்றால் மேஜைமேல் அடக்கமாக உட்கார்ந்திருக்கும் பெட்டி அல்ல. இரும்புச் சட்டத்தில் மூன்று கிராபிக்ஸ் கார்டுகளைத் தொங்கவிட்டு, எட்டு மின்விசிறிகள் சுழல, இரவும் பகலும் இரைந்துகொண்டிருக்கும் ஒரு யந்திரம். 2021-ல், கம்ப்யூட்டர் வைத்துப் பணம் தோண்டலாம் என்று ஊரே கிளம்பியபோது, இவனும் நேரு பிளேஸுக்குப் போய் இரட்டை விலை கொடுத்து வாங்கி வந்தவை அந்தக் கார்டுகள். 2022 செப்டம்பர் 15-ம் தேதி எதீரியம் நாணயம் அந்த முறையையே கைவிட்டது. தோண்டல் நின்றது. கார்டுகள் தூசி தின்றன.

"அதைத்தான் நிறுத்தியாயிற்றே, இப்போது ஏன் ஓடுகிறது?" என்று போனில் கேட்டேன். சற்று நேரம் பதிலில்லை. பிறகு சொன்னான்: "பெரியப்பாவுக்காகத்தான் அப்பா."

என் அண்ணனைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். மயிலாடுதுறைப் பக்கத்தில் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். 1978-ல் நான் மத்திய அரசு வேலை கிடைத்து தில்லிக்கு ரயில் ஏறியபோது, கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, "ஒரு ரூபாய் செலவானாலும் எழுதி வை" என்றார். அன்று தொடங்கியது, இன்றும் எழுதுகிறேன். அந்த அண்ணனுக்கு 2022-ல் அல்ஸைமர் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். இப்போது போன் செய்தால், அண்ணி என் பெயரை எடுத்துக் கொடுத்த பிறகும், "யாரு, எந்த ஊரு?" என்று மரியாதையாகக் கேட்கிறார்.

மகன் அந்த யந்திரத்தை 2023-ல் "ஃபோல்டிங் அட் ஹோம்" என்ற ஆராய்ச்சித் திட்டத்துக்குக் கொடுத்திருந்தான். எனக்குத் தெரிந்தால் பில்லைப் பற்றிப் பேசுவேன் என்று சொல்லவில்லையாம். பெரியப்பாவின் பெயரைச் சொன்ன பிறகு நான் என்ன பேச முடியும்? வாயை மூடிக்கொண்டேன். ஆனால் நோட்டை மூடவில்லை.

இந்தத் திட்டம் என்ன என்று அறியாத அன்பர்களுக்காக இரண்டு வார்த்தை. நம் உடம்பில் வேலை செய்யும் புரதங்கள் நூல் மாதிரி நீளமாக உருவாகி, பிறகு மடிந்து ஒரு வடிவத்துக்கு வருகின்றன. மடிப்பு தவறினாலோ, தவறியவை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியானாலோ வியாதி. அல்ஸைமர், பார்க்கின்ஸன் போன்ற நோய்களில் இந்தக் கோளாறு காணப்படுகிறது. ஒரு புரதம் நொடியின் மிகச் சிறிய பங்கில் எப்படி அசைகிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கவே கம்ப்யூட்டருக்கு மாதக்கணக்கில் வேலை. ஆகவே கணக்கைத் துண்டு துண்டாக்கி, உலகெங்கும் உள்ள வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு இன்டர்நெட் வழியே அனுப்பி, விடையைத் திரும்பப் பெறுகிறார்கள். 2000-ம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கியது.

இப்படி ஊர் கூடித் தேர் இழுக்கும் முயற்சி இது ஒன்றுதான் என்றில்லை. வேற்றுலக உயிர்களின் சைகையைத் தேடிய "செடி அட் ஹோம்" 1999 மே மாதம் தொடங்கி, 2020 மார்ச் வரை வீடுகளுக்கு வேலை அனுப்பிற்று. "ஐன்ஸ்டைன் அட் ஹோம்" என்ற திட்டத்தில் 2010-ல் ஒரு புதிய பல்ஸார் நட்சத்திரம் அகப்பட்டது. அதைக் கண்டுபிடித்த கணக்கைப் போட்டவை அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு தம்பதியின் கம்ப்யூட்டரும், ஜெர்மனியில் ஒருவருடைய கம்ப்யூட்டரும். 2020-ல் கொரோனா வந்தபோது லட்சக்கணக்கானோர் ஃபோல்டிங் திட்டத்தில் சேர, உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களையும் சேர்த்தால் வரும் சக்தியை மிஞ்சிவிட்டதாகத் திட்டத்தார் அறிவித்தார்கள். ஆகையால் இதை வெறும் விளையாட்டு என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை.

நிற்க. நான் சொல்ல வந்தது வேறு. கொடுப்பது நல்லது என்பதில் ஐயமில்லை. கணக்குப் பார்க்காமல் கொடுப்பது நல்லதா என்பதே என் கேள்வி.

லஜ்பத் ராய் மார்க்கெட்டில் பிளக்கில் மாட்டும் சிறு மீட்டர் ஒன்று வாங்கி வந்தேன். யந்திரம் எந்நேரமும் 600 வாட் இழுத்தது. நாளைக்கு 14.4 யூனிட், மாதத்துக்கு 432 யூனிட். எங்கள் பில்லின் மேல்படியில், எல்லாச் சேர்க்கைகளோடும் யூனிட்டுக்கு எட்டு ரூபாய் அளவில் விழுந்தது. ஆக மாதம் 3,400 ரூபாய்க்கு மேல். கோடையில் இந்தச் சூட்டை வெளியே தள்ள ஏசி இழுத்த மின்சாரம் தனி.

பணம் போனதுகூடப் பெரிதில்லை. போன பணத்துக்கு வேலை நடந்ததா? புனேயிலிருந்து மகன் திரும்பியதும் இருவருமாக உட்கார்ந்து பார்த்தோம். நடக்கவில்லை.

முதல் குறை, கார்டுகளை இணைத்த விதம். பணம் தோண்டும் வேலையில் கார்டுக்கும் மதர்போர்டுக்கும் இடையே பேச்சு குறைவு. ஆகவே ஒற்றைப் பாதை கொண்ட மெல்லிய நீட்டிப்பு வயரில் மாட்டினாலும் போதும். புரதக் கணக்கில் அப்படியல்ல. செய்தி ஓயாமல் போய் வர வேண்டும். ஒற்றைப் பாதையில் நெரிசலாகி, கார்டு பாதி நேரம் காத்துக் கிடந்தது. இரண்டு கார்டுகளை மதர்போர்டிலேயே நேராகச் செருகினோம். இரண்டாவது துளை நீளத்தில் முதலாவதைப் போலவே இருந்தாலும் உள்ளே நான்கு பாதைகள்தான். ஆனால் அதுவே தாராளம்.

இரண்டாவது, பிராசஸர். என்விடியா கார்டு ஒவ்வொன்றும் இந்த வேலையின்போது பிராசஸரின் ஒரு கோரை முழுதாகத் தனக்கென்று பிடித்து வைத்துக்கொள்கிறது. எங்களுடையதோ தோண்டலுக்கென்று மலிவாக வாங்கிய இரண்டே கோர் பிராசஸர். மூன்று கார்டுகள் அதோடு மல்லுக்கு நிற்க, புள்ளி கூடட்டும் என்று பிராசஸரையும் தனியாகப் புரதக் கணக்கில் போட்டிருந்தான் மகன். ஒரு சமையல்காரரை நான்கு பந்திக்குப் பரிமாறச் சொன்ன கதை. பிராசஸரின் தனி வேலையை நிறுத்தியவுடனேயே கார்டுகள் வேகம் பிடித்தன.

மூன்றாவது, பழைய கார்டு. மற்ற இரண்டும் 3060 டிஐ ரகம். இது 2016-ல் வந்த 1060. மின்சாரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைச் சாப்பிட்டு, மொத்த வேலையில் பத்தில் ஒரு பங்குகூடச் செய்யவில்லை. "இருக்கிறதே, ஓடட்டுமே" என்றான். இருக்கிறது என்பதற்காகக் கொடுப்பது தானமல்ல, ஒழித்துக்கட்டல். அதைக் கழற்றி, படிக்கிற ஒரு பையனுடைய கம்ப்யூட்டருக்குக் கொடுத்துவிட்டோம். அங்கே அது நன்றாகவே உழைக்கிறது.

நான்காவதுதான் முக்கியம். கார்டு ஒவ்வொன்றுக்கும் கம்பெனி வைத்த எல்லை 200 வாட். இந்த எல்லையை நாமே குறைத்துக்கொள்ள ஒரே ஒரு கட்டளை போதும். 130 வாட் என்று வைத்தோம். வேலை மூன்றில் ஒரு பங்கு குறையும் என்று நான் நினைத்தேன்; குறைந்தது நூற்றுக்குப் பத்து அளவில்தான். காரணம் இருக்கிறது. சிப் வேகமாக ஓட மின்னழுத்தத்தைக் கூட்ட வேண்டும். மின்சாரச் செலவோ மின்னழுத்தத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. கடைசிச் சிறு வேகத்துக்காகத்தான் மிகப் பெரிய விலை கொடுக்கிறோம். இதை நான் விளக்கிக்கொண்டிருக்கையில் என் மனைவி குறுக்கிட்டு, "குழம்பு கொதி வந்ததும் அடுப்பை சிம்மில் வைக்கத் தெரியாத பெண் உண்டா? இதற்கு இத்தனை நாள் வேண்டியிருந்ததா உங்களுக்கு?" என்றாள். அப்பனுக்கும் பிள்ளைக்கும் பதிலில்லை.

இன்னும் சில சில்லறை விஷயங்கள். இரண்டு கார்டுகளை ஒட்டிச் செருகினால் கீழ்க் கார்டு விடும் வெந்நீராவி போன்ற காற்றைத்தான் மேல் கார்டு மூச்சாக இழுக்கும். நடுவே இடைவெளி வேண்டும். கார்டுகளுக்கு மின்சாரம் கொண்டுபோகும் வயர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக இருக்க வேண்டும். ஒரே வயரில் கிளை பிரித்துக் கொடுத்தால் சூடாகும். தில்லித் தூசிக்கு வாரம் ஒரு முறை பிரஷ். வீட்டு இன்வர்ட்டரில் இந்த யந்திரத்தைச் சேர்க்கவே கூடாது. வேகத்தைக் கம்பெனி வைத்ததற்கு மேல் முறுக்குவதும் கூடாது. சினிமாவிலோ விளையாட்டிலோ ஒரு புள்ளி நிறம் மாறினால் யாரும் கவனிக்கப் போவதில்லை. கணக்கில் ஒரு எண் பிசகினால் இரவு முழுதும் ஓடிய வேலை குப்பைக்குப் போகும். "போயிங்க்" என்ற மென்பொருள் வழியாக நட்சத்திரத் திட்டங்களுக்கு உதவுகிறவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். ஒரே கம்பெனியின் வெவ்வேறு தர கார்டுகள் இருந்தால், அது மேலானதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைச் சும்மா விட்டுவிடும். எல்லாக் கார்டுகளையும் பயன்படுத்து என்று அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்க்க வேண்டும்.

முடிவு என்ன? 600 வாட்டில் மூன்று கார்டுகள் ஒரு மணி நேரத்தில் செய்துகொண்டிருந்த வேலையை, இப்போது 350 வாட்டில் இரண்டு கார்டுகள் குறைவில்லாமல் செய்கின்றன. அதுவரை மாதாமாதம் போன பணத்தில் பாதிக்குக் கிட்டே யாருக்கும் பயன்படாமல் வெறும் சூடாகப் போயிருக்கிறது. பெரியப்பாவுக்கும் போகவில்லை, விஞ்ஞானத்துக்கும் போகவில்லை. மகன் முகம் அன்று வாடியது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. நல்ல மனசோடுதான் செய்தான். நல்ல மனசு ஒன்றே போதும் என்று நினைத்ததுதான் தவறு.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. நாம் செலவழிக்கும் யூனிட் எங்கிருந்தோ வருகிறது. தில்லிக்காரர்களான நமக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பதர்பூர் அனல் மின்நிலையம் 2018 அக்டோபரில் மூடப்பட்டது. ஆனால் நமக்கு வரும் மின்சாரத்தில் பெரும் பகுதி வேறெங்கோ நிலக்கரி எரித்து வருவதுதான். நாடு முழுவதற்கும் சராசரி பார்த்தால் யூனிட்டுக்கு சுமார் 700 கிராம் கரியமில வாயு. நோய்க்கு மருந்து தேட என்று சொல்லிக் காற்றைக் கெடுப்பதானால், ஒவ்வொரு யூனிட்டுக்கும் பதில் சொல்லும் பொறுப்பு நமக்கு உண்டு.

அப்படியானால் நிறுத்திவிடலாமே என்பீர்கள். அந்தப் பணத்தை ஏதேனும் ஆஸ்பத்திரிக்கோ, நம் சங்கத்தின் கல்வி உதவிக்கோ கொடுக்கலாமே என்று நண்பர் ஒருவரும் கேட்டார். நியாயமான கேள்வி. மாதம் 3,400 ரூபாய் என்றிருந்தவரை நானும் அதையே சொன்னேன். அதற்குப் பதிலாக நாங்கள் கண்ட வழி, காலத்தைப் பார்த்துக் கொடுப்பது.

யந்திரம் இழுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் சூடாகத்தான் மாறுகிறது. 350 வாட் யந்திரம் என்பது 350 வாட் ஹீட்டரும்தான். சித்திரையில் அது நமக்கு எதிரி. மார்கழியில்? தில்லி மார்கழியில் இரவு ஐந்து டிகிரிக்கு இறங்கும்போது எப்படியும் என் அறையில் ஹீட்டர் போடுகிறோம். ஆயிரம் வாட் ஹீட்டர் மூன்று மணி நேரம் எரிந்தால் மூன்று யூனிட். அந்த ஹீட்டர் யாருக்கும் கணக்குப் போட்டுத் தராது. யந்திரத்தை இரும்புச் சட்டத்திலிருந்து ஒரு நல்ல பெட்டிக்கு மாற்றி, என் அறை மூலையில் வைத்தோம். எல்லையைக் குறைத்ததால் இரைச்சலும் அடங்கிவிட்டது. கார்த்திகை முதல் மாசி நடு வரை, இரவு ஒன்பது முதல் காலை ஏழு வரை ஓட்டினோம். நாளைக்கு மூன்றரை யூனிட். மாதத்துக்கு 840 ரூபாய். அந்தக் குளிர்காலம் முழுவதிலும் நான் ஹீட்டர் போட்டது ஆறேழு நாள்தான். மாசி நடுவில் சுவிட்சை அணைத்துவிட்டோம். குளிருக்கு ஏசியையே சூடாக்கும் முறையில் போடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு இவ்வளவு சாதகமாக இராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த ஏசி ஒரு யூனிட்டுக்கு அதைவிட அதிகச் சூடு தரும்.

காலையில் அணைப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. டக்கென்று சுவிட்சைத் தட்டக் கூடாது. கையிலுள்ள வேலையை முடித்துவிட்டு நில் என்று மென்பொருளில் ஒரு பொத்தான் உண்டு. ஏழு மணிக்குள் முடியும்படி முன்னதாகவே அதை அழுத்த வேண்டும். ஏனென்றால் நாம் அனுப்பும் விடையிலிருந்துதான் அடுத்த துண்டு தயாராகிறது. நாம் பாதியில் தூங்கிவிட்டால், உரிய நேரம் கடந்து அது இன்னொருவருக்குப் போகும்வரை அந்த வரிசையே காத்து நிற்கும். நிறைய வாங்கி வைத்துக்கொண்டு முடிக்காமல் விடுகிறவரைவிட, கொஞ்சம் வாங்கி முடித்துக் கொடுக்கிறவர் மேல்.

இந்தத் திட்டங்களில் செய்த வேலைக்குப் புள்ளி கொடுத்து, யார் முதல் என்று பட்டியலும் போடுகிறார்கள். பலரை உள்ளே இழுத்து வருவது அந்தப் பட்டியல்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் மகனும் முதலில் அதில்தான் மயங்கினான். பழைய கார்டைக் கழற்ற அவனுக்கு மனம் வராததற்கும் அதுவே காரணம். என்னைக் கேட்டால், புள்ளியை யூனிட்டால் வகுத்துப் பார்க்க வேண்டும். மின்சாரம் எவ்வளவு செலவழித்தாய் என்று கேட்காத பட்டியல், கல்யாணத்தில் எத்தனை இலை போட்டோம் என்று மட்டும் பெருமை பேசி, எத்தனை இலையில் சோறு வீணாயிற்று என்று சொல்லாத கணக்கு.

செயற்கை அறிவுக் காலத்தில் நம் இரண்டு கார்டுகள் எந்த மூலைக்கு என்று கேட்பவர்களும் உண்டு. புரதத்தின் வடிவத்தைக் கம்ப்யூட்டரால் கணித்ததற்காகவும் புதிய புரதங்களை வடிவமைத்ததற்காகவும் 2024-ல் மூவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது உண்மை. அவர்களில் ஒருவரான டேவிட் பேக்கரின் ஆய்வுக்கூடமே "ரோசெட்டா அட் ஹோம்" என்று வீட்டுக் கம்ப்யூட்டர்களின் உதவியைக் கேட்டு வாங்கிய கூடம். தவிரவும், வடிவம் தெரிவது புகைப்படம் கிடைத்த மாதிரி. அது எப்படி அசைகிறது, எங்கே திறந்து மூடுகிறது என்பதற்கு இந்தப் பொறுமையான கணக்கு இன்னமும் உதவுகிறது.

இதனால் என் அண்ணனுக்கு என்ன பயன் என்று நேராகக் கேட்டால், ஒன்றுமில்லை என்றே நேராகச் சொல்வேன். இத்திட்டத்திலிருந்து 200-க்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகள் வந்திருக்கின்றன. ஆனால் அண்ணனுக்கு நினைவைத் திருப்பித் தரும் மாத்திரை வரவில்லை. அவர் காலத்தில் வராது. மகனுக்கும் இதை நானே சொன்னேன். "தெரியும் அப்பா" என்றான். தெரிந்தும் செய்வதானால் செய்யட்டும். ஆனால் அவர் பெயரால் செய்வதை அவர் மெச்சும்படி செய்ய வேண்டும். கணக்கு எழுதாத செலவை அவர் ஒருநாளும் மெச்சியதில்லை.

சங்க அன்பர்களில் பல வீடுகளில் பிள்ளைகள் விளையாட்டுக்கென்று வாங்கிய பெரிய கார்டுகள் சும்மா இருக்கும். வரும் கார்த்திகையில் யாராவது முன்வருவதாயிருந்தால் முதலில் மீட்டரை மாட்டுங்கள், பிறகு எல்லையைக் குறையுங்கள், அப்புறம் ஓட்டுங்கள். என் மீட்டரை இரவல் தருகிறேன்; சங்கத்து நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் இருப்பேன். வாங்கிப் போகிறவர்கள் ஒரு சின்ன நோட்டில் தேதியும் யூனிட்டும் குறித்துக் கொண்டு வந்தால் போதும்.